வெண்மை நீங்கிய வடக்குச் சுவர்

மே 18, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சென்றனர். கேசரி போதுமானதாக இருந்தது, வடை போதவில்லை. திருமணம் ஆகஸ்டு 31 என உறுதியாயிற்று. மாப்பிள்ளை கதிரேசன் குறைவாகப் பேசுகிறார். அவருடைய தாயார் தெய்வானை அம்மையார் அக்குறையை முற்றிலும் ஈடு செய்கிறார்.

அவர்கள் வந்த நாள் நல்ல நாள். எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில் ஹைட்ரேஞ்சியாக் கொடி பூப்பின் உச்சத்தில் நின்றது. குன்னூரில் ஹைட்ரேஞ்சியா இல்லாத வேலியே இல்லை எனலாம். ஆனால் அவை யாவும் புதர்கள். சுவரைப் பற்றி ஏறும் இவ்வினம் அரிது. வெயில் படாத சுவர்தான் இதற்கு உகந்தது. தரையிலிருந்து ஓட்டு விளிம்பு வரை பசிய இலைகளின் மீது வெண்தட்டுகளை அடுக்கியது போன்ற தோற்றம். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ரவை சிதறியது போல் நுண்பூக்கள். சுற்றிலும் நான்கிதழ் வெண்பூக்கள். "இது லேசுல பூக்காதுங்க, வேற எதாச்சும் கொண்டு போங்க" என்று நாற்றுப்பண்ணைக்காரர் எச்சரித்ததனாலேயே இதை வாங்கி வந்தேன். பல ஆண்டுகள் இலை மட்டுமே தந்தது. நான் காத்திருந்தேன்.

தெய்வானை அம்மையார் சுவரின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, செவுத்துக்குச் சீலை கட்டிவிட்டாப்புல இருக்குதுங்களே. மண்டபம் எதுக்குங்க? தாலிகட்டைக் கோயில்ல முடிச்சுப்போட்டு, விருந்தை இங்கயே வெச்சுக்கலாமுங்க. இந்தப் பூவுக்கு முன்னால புள்ளையும் பையனும் நின்னாப் போதும்."

என் கணவர் என் காதருகே குனிந்தார். "ஏ புள்ள, ஆவணியில இது இப்படியா இருக்கும்?"

அவர் கூற்று என் செவியில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வாழ்த்து மடலை நானே எழுதி நானே வாசிப்பேன் என்பதை மகள் பவானி அவர்களிடம் முன்னரே தெரிவித்திருக்கிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் தமிழை விடவில்லை. அழைப்பிதழ்க் கடை நடத்துகிறேன். இவ்வூரில் நடக்கும் வரவேற்புகளில், மணமக்களுக்குரிய வாழ்த்து மடலை ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்தளிப்பவள் பெரும்பாலும் நானே. பக்கத்து ஊரான வெலிங்டனிலிருந்தும் அழைக்கிறார்கள்.

ஜூன் 9

அழைப்பிதழ்கள் சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்தன. ஒற்றுப்பிழை கிடையாது. விருந்து நடைபெறும் இடம் என்ற வரியில் "வெண்மலர்க் கொடியின் நிழலில்" என்று எழுதியிருந்தேன். அதன் கீழே சுவரின் வண்ணப்படம்.

"வெண்மலர்னு போடாம வெறும் கொடின்னு போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்றார் என் கணவர். இவர் பெயர் சென்னியப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வெறும் கொடி என்று அச்சிட்டால் துணி உலர்த்தும் கொடி என்று எண்ணுவார்கள் என விடையிறுத்தேன்.

ஜூலை 3

வெண்மை இப்போது வெண்மையன்று. மோரின் நிறம்.

ஜூலை 14

காலையில் தேநீர் அருந்தும்போது சேலை நனைந்தது. கோப்பையின் விளிம்பில் பழுது போலும் என்று வேறு கோப்பை எடுத்தேன். அதிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

கணவர் நாளிதழைத் தாழ்த்தினார். "ரங்கு, இங்க பாரு. சிரி."

காலை வேளையில் சிரிப்பதற்கு என்ன நேர்ந்தது என்று வினவினேன்.

"சும்மா சிரி புள்ள."

சிரித்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவை அழைக்கச் சென்றார். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அதை நான்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 15

நேற்றுக் கண்ட மருத்துவர் இளவயதுப் பெண்மணி. புருவத்தை உயர்த்தச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், சீழ்க்கையடிக்கச் சொன்னார். நான் சீழ்க்கையடிக்கும் பழக்கமுடையவள் அல்லள் என்று தெரிவித்தேன்.

"ஸ்ட்ரோக் இல்லம்மா, பயப்படாதீங்க. முகத்து நரம்புல வீக்கம். முகவாதம்னு சொல்வாங்க. பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்ச மாசத்துல சரியாயிடும்."

"மத்தவங்களுக்குங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"கொஞ்சம் கோணல் நின்னுடலாம்."

'பெரும்பாலானவங்களுக்கு' என்ற நெடுஞ்சொல்லை அம்மருத்துவர் தடையின்றி உச்சரித்தார். பாராட்டத்தக்கது.

மாத்திரைகளை விழுங்கினேன். இரவில் இடக்கண்ணின் மீது பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு உறங்க வேண்டுமாம். கூடத்து நிலைக்கண்ணாடியில் ரசம் போய்விட்டது. பழுது பார்க்க வேண்டும் என்று பரணில் ஏற்றச் செய்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து பவானி தொலைபேசினாள். வங்கிப் பணி இம்மாதம் மிகுதி என்றாள். அவளைக் 'கண்ணு' என்று அழைத்தேன். இனிய சொல்.

ஜூலை 22

கடைக்குச் சென்றேன். சளி என்று கூறி முகக்கவசம் அணிந்திருந்தேன். ஒரு பெரியவர் தம் பேத்தியின் வரவேற்புக்கு வாழ்த்து மடல் வாசிக்க அழைத்தார். தொண்டைக் கட்டு என்றேன். "மைக் இருக்குதுங்களே, மெதுவாப் பேசினாப் போதுமே" என்றார். எழுதி மட்டும் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில், மற்றொருவர் வாசித்தாலும் அவருக்குக் குறையில்லை என்பது புலப்பட்டது.

இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பவானி வந்தாள். தந்தையார் அவளிடம் முன்பே சொல்லிவிட்டார் என்பதை அவள் வாசலில் நின்ற நிலையிலேயே அறிந்தேன். அருகில் வந்து முகக்கவசத்தை அவளே கழற்றினாள். பின்னர் அழுதாள். இங்கே எவரும் இறக்கவில்லை என்றேன்.

"கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்கலாம்மா. கதிரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தை மாசம் வச்சுக்கலாம்."

முகூர்த்த நாள் என் முகத்தைக் கேட்டுக் குறிக்கப்பட்டதன்று என்று கூறினேன். நீண்ட வாக்கியம், பாதியில் உமிழ்நீர் வழிந்தது. அவள் தன் துப்பட்டாவால் துடைத்தாள். நான் துடைத்திருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

ஆகஸ்டு 3

அலங்கார ஏற்பாட்டாளர் ஜெகன் அளவெடுக்க வந்தார். சுவரைக் கண்டதும் கைப்பேசியில் அழைப்பிதழின் படத்தை எடுத்து, சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இது எல்லாம் காஞ்சு போச்சே."

பருவம் முடிந்தது என்பதே சரியான தொடர் என்று திருத்தினேன்.

"ஆளை ஏத்தி எல்லாத்தையும் வெட்டிட்டு, வெள்ளைத் துணிப்பூ கட்டிடலாம் மேடம். தூரத்துல இருந்து பாத்தா அச்சு அசல் இதே மாதிரி இருக்கும்."

அருகிலிருந்து பார்ப்பவர்களுக்கு?

"கிட்ட யாரு மேடம் வரப்போறா? எல்லாரும் பந்திக்குப் போயிடுவாங்க."

இப்பருவத்தில் பூங்கொத்துகளை வெட்டினால் கொடி பட்டுப்போகும் என்றேன். பவானி உடனே கைப்பேசியில் தேடினாள். "பூத்து முடிஞ்சதும் வெட்டலாம்னு போட்டிருக்கும்மா. செடிக்கு நல்லதுதானாம்." அக்கட்டுரையை எழுதியவர் குன்னூரைக் கண்டிருக்கமாட்டார் என்று கூறினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நெடுநாட்களுக்குப் பின்.

வெட்டினால் கொடிக்கு ஒன்றும் ஆகாது. இது எனக்கும் தெரியும். ஆயினும் வெட்டலாகாது. காரணம் கேட்டால் காரணம் கூற வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. சுவர் என்னுடையது.

அவர்கள் சென்ற பின் நாற்காலியைப் போட்டு அமர்ந்து பார்த்தேன். மோர் நிறம் சந்தனமாகி, சந்தனம் இப்போது வடிகட்டிய தேயிலையின் நிறத்தை எட்டியிருக்கிறது. ரவைப் பூக்கள் உதிர்ந்துவிட்டன. சுற்றி நின்ற நான்கிதழ்ப் பூக்களில் மட்டும் ஒன்றும் உதிரவில்லை. தாளைப் போல் மெலிந்து, நரம்புகள் தெரிய, காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காற்றடித்தால் சலசலக்கின்றன. வெண்மையாக இருந்த நாளில் அவை ஒலியெழுப்பியதில்லை.

கணவரும் வந்து நின்றார். "நல்ல கலரு புள்ள. ஃபேக்டரியில இந்த நெறம் வர்றதுக்குத்தான் நாங்க தூங்காம முழிச்சுக் கெடந்தோம்" என்றார்.

ஆகஸ்டு 12

வாழ்த்து மடலை எழுதத் தொடங்கினேன். உதடுகள் ஒன்றையொன்று தொடாமல் பாடத்தக்க செய்யுளை நம் முன்னோர் புலமை விளையாட்டாக இயற்றியிருக்கிறார்கள். ப, ம, வ ஆகிய எழுத்துகள் அதில் வரலாகா. அத்தகைய ஒன்றை முயன்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. புலமைக்காகவே.

"இல்லறக் கடலில் இனிதே செல்க;
நல்லன எல்லாந் தந்திடுக நாள்கள்."

சமையலறையில் குக்கரின் ஒலிக்கிடையே உரக்க வாசித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. முன்பிருந்த என் குரல் அப்படியே வந்தது. அடுப்பை அணைக்க மறந்தேன், பருப்பு அடிப்பிடித்தது.

ஆகஸ்டு 14

மேலும் எட்டு அடிகள். 'திருமணம்' வராது, 'கடிமணம்' வராது. 'கரங்கள் சேர்ந்தன' என்று எழுதினேன். 'கதிரேசன்' என்ற பெயர் எத்தடையுமின்றி அமர்ந்துகொண்டது. நல்ல பெயர்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

கூறைப்புடவையைக் காட்டுவதற்காகத் தெய்வானை அம்மையார் வந்தார். என் முகத்தை இன்றுதான் முதன்முறையாகக் கண்டார். மறைத்துப் பேசும் வழக்கம் அவருக்கில்லை.

"ஏனுங்க சம்மந்தி, வாய் இப்படி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சே. எங்க நாத்தனாருக்கும் இதேதானுங்க. பாவம், ரெண்டு வருசம் ஒரு விசேசத்துக்கும் போவல. நீங்க கவலைப்படாதீங்க. போட்டோவுக்கு நிக்கிறப்ப இப்படிச் சித்த இடப்பக்கமாத் திரும்பிக்கோங்க, ஒண்ணும் தெரியாது."

எப்படித் திரும்ப வேண்டும் என்று அவரே நின்று காட்டினார். அவர் திரும்பிய திசையில் சுவர் இருந்தது.

"அடக் கடவுளே. பூவெல்லாம் எங்கீங்க?"

அங்கேதான் இருக்கிறது என்றேன்.

"இது சருகுங்களே. பத்திரிகையில வெண்மலர்னு போட்டிருக்குதுங்களே, எங்க சனமெல்லாம் கேக்குமே."

அச்சிட்ட நாளில் வெண்மை. விருந்து நாளில் இது. இரண்டும் ஒரே பூ என்று கூறினேன். 'பூ' என்பது காற்றாகவே வெளிவந்தது. அவர் புடவையை மடிக்கத் தொடங்கினார்.

"நீங்க பேசறதே பத்திரிகை படிக்கிறாப்புலதானுங்க இருக்குது. சரி போங்க, உங்க ஊடு, உங்க செவுரு. நான் என்னத்தச் சொல்றது?"

புடவை அரக்கு நிறம். நன்றாக இருந்தது. நாத்தனாரைப் பற்றி மேலும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு விசேஷத்துக்கும் போகாமல் ஒருவர் வீட்டில் என்ன செய்வார்?

ஆகஸ்டு 23

மடல் நிறைவுற்றது. கணவரை அமர்த்தி வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

"சுத்தமா இருக்குது. பழைய மாதிரியே இருக்குது உன்ற கொரலு."

நன்றி கூறினேன்.

"கதிரேசன் பேரு நாலு தடவ வருது."

ஆம்.

"நம்ம புள்ள பேரக் காணமே. செல்லக்கிளிங்கற, கண்ணேங்கற. யாரு புள்ள அது? பேரில்லாத புள்ளையவா கட்டிக் குடுக்கறோம்?"

யாப்பு அமைதி கருதி என்றேன்.

"யாப்பாவது கீப்பாவது" என்று எழுந்து போய்விட்டார். கொல்லைப்புறத்தில் தேவையின்றி விறகு பிளக்கும் ஓசை கேட்டது. எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு.

ஆகஸ்டு 24

வேறொரு மடல் தொடங்கினேன். இதில் எவ்வெழுத்துக்கும் தடையில்லை. முதற்சொல் பவானி.

ஆகஸ்டு 29, வெள்ளி

பவானி விடுப்பெடுத்து வந்துவிட்டாள். தயங்கித் தயங்கி என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அம்மா, வாழ்த்து மடலை நித்தியா வாசிக்கட்டும். என்கூட பேங்க்ல வேலை பாக்கறா. நல்லா வாசிப்பா. நீ எழுதினதையேதான் வாசிப்பா, ஓர் எழுத்து மாத்த மாட்டா."

வாசிப்பதற்கு நான் இருக்கிறேன் என்றேன்.

"நீ மைக்ல நின்னு, வார்த்தை சரியா வராம, யாராச்சும் சிரிச்சா? அவங்க பக்கம் ஐந்நூறு பேர் வர்றாங்க. என்னால மேடையில நிக்க முடியாதும்மா. கீழ எறங்கி ஓடியே போயிடுவேன்."

சிரிப்பவர் சிரிக்கட்டும், நீ உன் இடத்தில் நில் என்றேன்.

"உனக்குப் புடிவாதம். அந்தச் சுவர்லயும் புடிவாதம், இதுலயும் புடிவாதம்." அவள் எழுந்து நின்றாள். "நீ என் பேரச் சொல்லி ஒண்ணரை மாசமாச்சு. கண்ணு, ராசாத்தி, கிளின்னு கூப்பிடற. எனக்குத் தெரியலைன்னு நெனச்சியா? வீட்ல என்கிட்டயே சொல்ல மாட்டேங்கற, அங்க அத்தனை பேர் முன்னால எப்படிம்மா சொல்லுவ?"

மடலின் ஒரு படியை நித்தியாவுக்குக் கொடுக்கும்படி அவளிடம் தந்தேன். எதைத் தருவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. உதடு ஒட்டாததைத் தந்தேன்.

பந்தலுக்குக் கால்கள் நட்டாயிற்று. தோட்டத்து மண் முழுதும் மிதிபட்டுவிட்டது.

செப்டம்பர் 1

நேற்று நிகழ்ந்ததை இன்று எழுதுகிறேன்.

கோயிலில் தாலி கட்டு நன்றாக நிறைவேறியது. வீட்டுக்குத் திரும்பியபோது மேகமூட்டம், மழை இல்லை. ஜெகன் மேடைக்குப் பின்னால் இருபுறமும் வெண்திரை தொங்கவிட்டிருந்தார். நடுவே சுவர். நான் உடன்படாததால் நடுவில் அவர் கை வைக்கவில்லை. ஆனால் வருந்தும் முகத்தோடு நின்றிருந்தார். அந்த வெண்திரைகளுக்கிடையே பழுப்புப் பூக்கள் எவ்வளவு பழுப்பு என்பது நன்கு விளங்கியது. திருப்பூர் உறவினர் ஒருவர் அழைப்பிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, "வெள்ளைப் பூ பின்பக்கமுங்களா?" என்று என்னிடமே கேட்டார். முன்பக்கமே என்று காட்டினேன்.

மேடையில் மணமக்கள் நின்றனர். நித்தியா தாளுடன் ஒலிவாங்கியை நோக்கிச் சென்றாள். நல்ல பெண். நேரான பற்கள்.

நான் எழுந்தேன். முகக்கவசத்தைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தடுக்கவில்லை. அவருடைய கை என் முதுகைத் தொட்டது என்று நினைக்கிறேன். தள்ளினாரா, தாங்கினாரா என்று நான் கேட்டறியவில்லை.

நித்தியாவிடம், அமர்ந்துகொள் அம்மா, என்றேன். அவள் மணமகளைப் பார்த்தாள். மணமகள் என்னைப் பார்த்தாள். அவள் தலை வேண்டாம், வேண்டாம் என்று அசைந்தது. நான் தாளை விரித்தேன்.

முதற்சொல்லைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் காற்று மட்டும் பெரிதாக வீசியது. பின்வரிசையில் எவரோ சிரித்தனர். குழந்தையின் சிரிப்பு அன்று, வளர்ந்தவரின் சிரிப்பு. மேடையில் பவானி ஓரடி பின்வாங்கியதைக் கண்டேன். அவளுடைய கை மாலையைப் பற்றியது. இறங்கிவிடுவாள் என்று ஒரு கணம் எண்ணினேன்.

அப்போது என் இடக்கையின் இரு விரல்களால் வாயின் சரிந்த முனையைப் பிடித்து மேலே தூக்கினேன். அத்தனை பேர் முன்னிலையிலும்தான். உதடுகளை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்த்தேன்.

"பவானி" என்றேன்.

மலையில் மோதித் திரும்பும் அளவுக்குக் கேட்டது.

"என்னம்மா?" என்றாள் அவள். வீட்டில் உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பது போல. அவளை அறியாமலே சொல்லிவிட்டாள். பந்தல் முழுதும் சிரித்தது. இது வேறு சிரிப்பு. கதிரேசனும் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மை கலைந்தது.

இன்னும் இருக்கிறது, கேள் என்றேன்.

வாயைப் பிடித்த விரல்களை எடுக்காமல் முழு மடலையும் வாசித்தேன். ஒவ்வொரு பகரத்துக்கும் மகரத்துக்கும் நேரம் பிடித்தது. வகரத்தில் எச்சில் தெறித்தது. 'பெருவாழ்வு' என்ற சொல்லை இருமுறை தவறவிட்டு மூன்றாம் முறை பிடித்தேன். நடுவே காற்று வீசியது. எனக்குப் பின்னால் சுவர் முழுதும் சலசலத்து ஒலிவாங்கியில் புகுந்தது. இரைச்சல் என்று எண்ணி ஜெகன் ஒலியைக் குறைக்க ஓடினாராம். தெய்வானை அம்மையார் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாராம். "ஓடாதீங்க தம்பி. அவங்க முடிக்கட்டும்" என்றாராம்.

கைதட்டலைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. நான் எழுதியதை நானே வாசித்து முடித்தேன் என்பது மட்டுமே பதிவுக்குரியது.

இறங்கி வந்ததும் கணவர், "சோறு ஆறிப்போச்சு புள்ள" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. சமையற்கட்டுப் புகை என்றார். சமையற்கட்டு வீட்டின் மறுபுறம் உள்ளது.

செப்டம்பர் 8

புகைப்படக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ஆல்பம் பிரிண்ட்டுக்கு முன்னாடி ஒரு கரெக்‌ஷன் பண்ணிடலாமா? பேக்ரவுண்ட்ல பூவெல்லாம் வெள்ளையா மாத்திடலாம், பத்திரிகையில இருக்கற மாதிரியே. ஈஸிதான். அப்படியே..." சிறிது தயங்கினார். "உங்க முகத்தையும் நேராக்கிடலாம் மேடம். பழைய போட்டோ ஒண்ணு அனுப்புனீங்கன்னா போதும். யாருக்குமே தெரியாது."

எழுத்தில் விடை தருகிறேன் என்றேன். பிற்பகல் கடையிலிருந்து அனுப்பிய செய்தியின் நகல் பின்வருமாறு:

"மதிப்பிற்குரிய ஐயா, என் முகத்தின் இடப்பக்கம் முகவாதத்தால் சரிந்துள்ளது. கொடியின் பூக்கள் பருவம் முடிந்து பழுப்பேறியுள்ளன. என் மகளின் திருமண நாளன்று நாங்கள் இவ்வாறே இருந்தோம். இரண்டையும் உள்ளது உள்ளபடி அச்சிடுக. நான் வாய்முனையைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் படம் ஒன்று இருப்பின், அதை முழுப்பக்கமாக இடுக. இப்படிக்கு, செ. ரங்கநாயகி."